பம்புசெட், ஈரம் காட்டும் கருவி, மழை அறிவிப்பு: மூன்றையும் சேர்த்து இயக்குவது எப்படி?

கிணற்று மோட்டாரைச் செல்போன் மூலம் போடவும் நிறுத்தவும் உதவும் கருவி இன்று பல தோட்டங்களுக்கு வந்துவிட்டது. மண்ணின் ஈரத்தைக் காட்டும் சென்சார், தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கருவி, சொட்டு நீர்க் குழாயைத் தானே திறந்து மூடும் வால்வு ஆகியவையும் கடைகளில் கிடைக்கின்றன. மழை அறிவிப்பு செல்போனிலேயே வருகிறது. இவை ஒவ்வொன்றும் பயனுள்ளவைதாம். ஆனால் தனித்தனியே இருக்கும்வரை, ஈரம் குறைந்ததா, மழை வருமா, மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து முடிவு செய்யும் வேலை விவசாயியின் தலையில்தான் இருக்கிறது.

இந்தக் கருவிகளை ஒன்று சேர்த்து, ஒன்று சொல்வதைக் கேட்டு மற்றொன்று செய்யும்படி அமைக்க முடியும். இவ்வாறு கருவிகளை இணைப்பதற்குப் 'பொருட்களின் இணையம்' என்று பெயர். சரியாக இணைத்தால் தண்ணீரும் நேரமும் மிச்சம். தவறாக இணைத்தால் மோட்டார் கருகும், கிணறு வற்றும், பூத்து நிற்கும் பயிர் காயும். மோட்டார் அருகே வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து வரலாம். ஆகவே கருவி வாங்கும் முன்பே இணைக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சொல்லும் கருவியும் செய்யும் கருவியும்

தோட்டத்துக் கருவிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஈரம் காட்டும் சென்சார், கிணற்று மட்டம் காட்டும் கருவி, மழைமானி போன்றவை செய்தி சொல்லும் கருவிகள். மோட்டார் ஸ்டார்ட்டர், வால்வு போன்றவை வேலை செய்யும் கருவிகள். மழை அறிவிப்பு ஒரு கருவி இல்லை என்றாலும், அதுவும் செய்தி சொல்வதே.

இவற்றுக்கு நடுவில் ஒருவர் இருந்து முடிவு செய்ய வேண்டும். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்துவந்த வேலை இதுதான். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்த வயல் காய்கிறது, யாருடைய முறை என்பவற்றைப் பார்த்து அவர் மடையைத் திறப்பார். கருவிகளுக்கு நடுவே அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு கம்ப்யூட்டர். அது வயலில் உள்ள பெட்டிக்குள் இருக்கலாம். அல்லது கருவி விற்ற கம்பெனியின் தொலைதூரக் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். நீர்க்கட்டிக்கு ஊர் வழக்கம் தெரியும். பெட்டிக்கோ நாம் எழுதிக் கொடுக்கும் விதி மட்டுமே தெரியும். விதியில் விட்டுப்போனது எதுவும் அதற்குத் தெரியாது.

நெல் வயலில் ஒரு விதி

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் கட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த இம்முறையில், 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. உயரம் நிற்கும்படி நீர் பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் இப்படிக் காயப்போடக் கூடாது, 5 செ.மீ. நீர் நிறுத்தி வைக்க வேண்டும்.

குழாயில் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகத் தண்ணீர் மட்டம் காட்டும் சென்சாரைப் பொருத்தினால், பெட்டிக்கு விதி இவ்வாறு அமையும்:

(1) குழாயில் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும், கிணற்றில் போதிய தண்ணீர் இருக்க வேண்டும், மும்முனை மின்சாரம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மோட்டாரைப் போடு.

(2) வயலில் நீர் 5 செ.மீ. நின்றாலோ, கிணற்று மட்டம் குறைந்தாலோ, இரண்டில் எது முதலில் வந்தாலும் மோட்டாரை நிறுத்து.

(3) பூக்கும் காலத்தில் முதல் விதியை நீக்கிவிட்டு, நீர் 2 செ.மீ.க்குக் குறைந்ததும் போடு என்று மாற்று.

போடும் அளவும் நிறுத்தும் அளவும் வேறு வேறாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவைக் கொடுத்தால், அலை அடிக்கும்போதெல்லாம் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் மோட்டாரில் சூடேறிக் காயில் கருகிவிடும். ஒரு முறை நின்றபின் சில நிமிடங்களாவது மோட்டார் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது விதியைப் பெட்டி தானாகச் செய்யாது. நாற்று நட்ட தேதியையும் ரகத்தின் வயதையும் விவசாயிதான் கொடுக்க வேண்டும். அதை மறந்துவிட்டால், பெட்டி பழைய விதிப்படியே சரியாக வேலை செய்து பூக்கும் பயிரைக் காயப்போட்டுவிடும்.

தோட்டப் பயிருக்கு

காய்கறி, கரும்பு, வாழைக்கு மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் தேவை. இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் செலுத்தி அளக்கும் மலிவு வகையில் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். மண்ணில் உப்பு இருந்தாலும் உரம் போட்டாலும் அளவு மாறிவிடும். கம்பி வெளியே தெரியாமல் பூச்சினால் மூடியிருக்கும் கொள்திறன் வகை இதைவிட நீடித்து உழைக்கும். எதுவானாலும் வேர் இருக்கும் ஆழத்தில், மண்ணுடன் ஒட்டி இருக்கும்படி பதிக்க வேண்டும். சொட்டு நீர்ப் பாசனமானால் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

கம்பெனி சொல்லும் எண்ணை அப்படியே விதியில் எழுதக் கூடாது. நன்றாக நீர் பாய்ச்சி, அதிகப்படி நீர் வடிந்த மறுநாள் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். பிறகு பாய்ச்சாமல் விட்டு, நண்பகலில் இலை தொங்கத் தொடங்கும் நாளின் எண்ணையும் குறிக்கவும். இந்த இரண்டுக்கும் இடையில், இலை தொங்கும் எண்ணுக்கு வெகு முன்னதாகவே மோட்டார் போடும் அளவை வைக்க வேண்டும். செம்மண் வயலுக்கு வைத்த எண் கரிசலுக்குப் பொருந்தாது.

எந்தப் பெட்டியும் இல்லாமல் தொடங்க விரும்புவோருக்கு, கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டும் கருவி உண்டு. கையில் எடுத்துச்சென்று மண்ணில் குத்திப் பார்த்தால், ஈரத்தின் அளவை நிற விளக்குகளால் காட்டும். சிவப்பு எரிந்தால் உடனே நீர் தேவை என்று பொருள்.

மழை அறிவிப்பை எவ்வளவு நம்பலாம்?

ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் இதை இறைக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். ஆகவே மழைக்கு முந்திய நாள் பாய்ச்சாமல் இருந்தால் மிச்சம் அதிகம்.

ஆனால் அறிவிப்பு பெரும் பரப்புக்குச் சொல்லப்படுவது. பக்கத்து ஊரில் கொட்டிய மழை நம் வயலில் தூறாமல் போவதும் உண்டு. 'மழை வரும் என்றால் மோட்டாரைப் போடாதே' என்று மொட்டையாக விதி எழுதினால், தினமும் மழை வரும் என்று சொல்லி வராமல் போகும் வாரத்தில் பயிர் வாடிவிடும். எனவே அறிவிப்பைக் கேட்டு ஒரு நாள் மட்டும் ஒத்திவைக்கும்படி விதி இருக்க வேண்டும். மறுநாளும் மழைமானியில் எதுவும் விழாமல், மண்ணும் காய்ந்திருந்தால் பாய்ச்சிவிட வேண்டும். அறிவிப்பைவிட மழைமானியின் சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

சிறு விவசாயிக்கு இதைவிட எளிய வழியும் இருக்கிறது. 2018இல் தமிழக அரசு வெளியிட்ட 'உழவன்' செயலியிலோ, 2019இல் மத்திய அரசு வெளியிட்ட 'மேகதூத்' செயலியிலோ வானிலைச் செய்தியைத் தாமே பார்த்து, 'இன்று ஒத்திவை' என்று பெட்டிக்குச் சொல்லிவிடலாம். மழை அறிவிப்பைப் பெட்டியோடு நேராக இணைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

விதியும் விதியும் மோதினால்

தனித்தனியே சரியாக இருக்கும் இரண்டு விதிகள் ஒன்று சேரும்போது கேடு செய்யலாம். மூன்று இடங்களில் இது அதிகம் நடக்கக்கூடும்.

முதலாவது, மின்சாரம் வந்தவுடன் மோட்டாரைத் தானே போடும் ஆட்டோ சுவிட்ச். பல கிணறுகளில் இது பல வருடமாக இருக்கிறது. அதுவும் ஒரு விதிதான். புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் பழைய ஆட்டோவையும் விட்டுவைத்தால், ஈரம் போதும் என்று பெட்டி நிறுத்திய மோட்டாரை, மின்சாரம் போய் வந்தவுடன் ஆட்டோ மறுபடியும் போட்டுவிடும். ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, வால்வும் மோட்டாரும். எல்லா வால்வும் மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும். ஆகவே விதியில் வரிசை முக்கியம். தொடங்கும்போது முதலில் வால்வு திறக்க வேண்டும், பிறகு மோட்டார் ஓட வேண்டும். நிறுத்தும்போது முதலில் மோட்டார், பிறகு வால்வு. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றும்போது, அடுத்த வால்வு திறந்தபின்தான் முந்தியது மூட வேண்டும். 'திற' என்று சொன்னால் போதாது. திறந்துவிட்டேன் என்று வால்விடமிருந்து பதில் வந்த பிறகே மோட்டார் ஓட வேண்டும். மலிவு வால்வுகளில் இந்தப் பதில் வராது. அத்தகைய வால்வு உள்ள இடத்தில், அழுத்தம் மிகுந்தால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஒன்றைக் குழாயில் கட்டாயம் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, கூட்டுக் கிணறு. பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் கிணற்றில், யாருடைய முறை என்பதும் ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் வயல் காய்ந்தது என்று அடுத்தவர் முறையில் மோட்டார் ஓடும். இரண்டு செல்போன்களிலிருந்து கட்டளை போகும்போது பொதுவாகக் கடைசியாகப் போனதே நிற்கும். அதனால் சண்டைதான் வரும். முறை நாட்களைப் பங்குதாரர் எல்லோரும் கூடிப் பேசி எழுதிய பிறகே பெட்டியில் ஏற்ற வேண்டும்.

ஒரு கருவி பேசாமல் போனால்

இணைப்பில் மிக முக்கியமானது இதுதான். பாட்டரி தீர்ந்தாலோ, எலி கம்பியைக் கடித்தாலோ, சிக்னல் போனாலோ சென்சார் செய்தி அனுப்பாது. அப்போது பெட்டி என்ன செய்யும்? கடைசியாக வந்த செய்தியையே நம்பிக்கொண்டிருக்கும் பெட்டி, வயலில் தண்ணீர் வழிந்தாலும் 'இன்னும் காய்ந்திருக்கிறது' என்று இறைத்துக்கொண்டே இருக்கும்.

எண்ணெய்க் குழாய்களைத் தூரத்திலிருந்து செயற்கைக்கோள் மூலம் கவனிப்பதற்காக 1999இல் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 'எம்.க்யூ.டி.டி.' என்ற செய்தி முறையை அமைத்தார்கள். இன்று கருவிகளை இணைப்பதில் பெரிதும் புழங்குவது இதுவே. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல, எந்தக் கருவிக்கு எந்தச் செய்தி வேண்டுமோ அந்தத் தலைப்புக்கு அது பதிவு செய்துகொள்ளும். இதில் ஒவ்வொரு கருவியும் இணையும்போதே ஓர் உயிலையும் எழுதிவைக்கலாம். 'நான் திடீரென்று தொடர்பற்றுப் போனால் இன்ன செய்தியை மற்றவர்களுக்குச் சொல்' என்பதே அந்த உயில். சென்சார் தொடர்பற்றுப் போனவுடன் நடுவிலுள்ள கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை அறிவித்துவிடும். அதைக் கேட்டு மோட்டாரை நிறுத்தி, விவசாயிக்குத் தகவல் அனுப்பும்படி விதி எழுதலாம்.

எந்த முறையானாலும், செய்தி வராவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் சென்சாரின் பாட்டரியைக் கழற்றச் சொல்லி, என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்கவும்.

'நிறுத்து' என்ற கட்டளையே போய்ச் சேராமல் போவதும் உண்டு. இதற்கு ஸ்டார்ட்டரிலேயே நேர வரம்பு வைக்க வேண்டும். 200 லிட்டர் டிரம் 20 விநாடியில் நிரம்பினால், மோட்டார் விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கிறது. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிறுத்த இரண்டு லட்சம் லிட்டர் தேவை. அதாவது சுமார் ஐந்தரை மணி நேரம். வாய்க்காலில் கசிவதும் காய்ந்த மண் குடிப்பதும் சேர்ந்து அனுபவத்தில் ஏழு மணி ஆகிறதென்றால், எட்டு மணிக்கு மேல் எக்காரணத்தாலும் ஓடாதபடி வரம்பு வைக்கலாம்.

மோட்டாருக்குக் காவல்

ஒரு பேஸ் போனால் நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர், அதிகச் சுமையில் நிறுத்தும் ரிலே, தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்தும் அமைப்பு ஆகிய மூன்றும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். சிக்னலை நம்பியோ, தூரத்துக் கம்ப்யூட்டரை நம்பியோ இவற்றை விடக் கூடாது. புதுக் கருவி பொருத்த வருபவர் இவற்றை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்க அனுமதிக்க வேண்டாம். நல்ல எர்த் இணைப்பும் அவசியம்.

செல்போனில் நிறுத்துவது மின்சாரத்தைத் துண்டிப்பதாகாது. மோட்டாரைத் தொடும் முன், கிணற்றில் இறங்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்து பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியோ, வீட்டிலிருக்கும் பிள்ளையின் செல்போனோ எந்த நேரமும் மோட்டாரைப் போடலாம். 'தானாக ஓடும் மோட்டார்' என்று ஸ்டார்ட்டர் அருகே பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

செய்தி போகும் வழி

சிம் கார்டு போட்டு இயங்கும் கருவியானால், அது 2ஜியா, 4ஜியா என்று கேட்க வேண்டும். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. கிணற்று மேட்டில் எந்தக் கம்பெனியின் சிக்னல் கிடைக்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

சென்சாரிலிருந்து பெட்டிக்குச் செய்தி போக 'லோரா' என்ற ரேடியோ முறை ஏற்றது. நம் நாட்டில் இது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்குகிறது. குறைந்த பாட்டரியில், தடையில்லாத வெளியில் சில கிலோமீட்டர் வரை செய்தி போகும். தென்னந்தோப்பும் கட்டிடமும் குறுக்கே இருந்தால் தூரம் வெகுவாகக் குறையும். ஏரியலை உயரத்தில் கட்ட வேண்டும்.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் விசாரிக்கவும். கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், இன்டர்நெட் போனால் இணைப்பு முழுவதும் நிற்கும். கம்பெனி சேவையை நிறுத்தினாலும் அதே கதிதான். அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கருவி இணைப்புப் பெட்டியை விற்ற நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் சேவை நிறுத்தப்பட்டதும் வாங்கியவர்கள் வீட்டிலிருந்த பெட்டிகள் உபயோகமற்றுப் போயின. ஆகவே விதிகள் வயல் பெட்டியிலேயே இருக்கும் வகை சிறந்தது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

(1) இன்டர்நெட் இல்லாமல் இது ஓடுமா?
(2) வேறு கம்பெனியின் சென்சாரையும் வால்வையும் இதோடு இணைக்க முடியுமா? (எம்.க்யூ.டி.டி. அல்லது மோட்பஸ் முறையில் பேசுமா என்று கேட்டால் பதில் தெளிவாகும்.)
(3) வருடச் சந்தா உண்டா? கட்டாவிட்டால் எது நிற்கும்?
(4) சென்சார் பேசாவிட்டால் மோட்டார் நிற்குமா?
(5) கையால் இயக்கும் சுவிட்ச் உண்டா? பெட்டி கெட்டாலும் அது வேலை செய்யுமா?
(6) பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து வர வேண்டும்?

படிப்படியாகச் செய்க

ஒரே சமயத்தில் எல்லாம் வாங்க வேண்டாம். முதல் போகத்தில் சொல்லும் கருவிகளை மட்டும் வைத்து, அவை காட்டுவதையும் தாம் நீர் பாய்ச்சிய நாளையும் நோட்டில் எழுதிவர வேண்டும். அடுத்ததாக விதிகளைப் பெட்டியில் ஏற்றி, மோட்டாரோடு இணைக்காமல் இரண்டு வாரம் ஒத்திகை விடலாம். 'இப்போது போடுவேன், இப்போது நிறுத்துவேன்' என்று செல்போனுக்குச் செய்தி மட்டும் வரட்டும். விவசாயி செய்திருக்கக் கூடியதும் பெட்டி சொல்வதும் எங்கே வேறுபடுகிறதோ, அங்கே விதியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதைத் திருத்திய பின்பே மோட்டாரை இணைக்க வேண்டும். அதன்பிறகும் ஒரு நேரத்தில் ஒரு புது விதியை மட்டும் சேர்க்கவும். கிணறு வீட்டருகே இருந்து, ஒரே பயிர், ஒரே வயல் என்றால் இணைப்புக்குச் செலவிடத் தேவையில்லை. ஈரம் காட்டும் கருவியும் நல்ல ஸ்டார்ட்டருமே போதும்.

செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியிருக்கிறது. இவ்வருடம் எவ்வளவு, யாருக்கு என்ற விவரத்தை அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். பயிருக்கு ஏற்ற நீர் அளவை வேளாண் அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் அழைப்பு மையத்திலோ தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்படி விதிகளை அமைத்துக்கொள்ளவும்.